இரத்தம் எங்கே போகிறது?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து 58 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். லயத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம், ஹீமோகுளோபின் 8.2. கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய காய்ந்த அப்ரிகொட், மகள் வாங்கி வந்த டின் தக்காளி, இரண்டில் எது இரத்தம் ஊற வைக்கும்? இது இரத்தப் புற்றுநோயா?

அம்மா, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் சரியாக இருக்கின்றன. சிவப்பணுக்கள்தான் சிறுத்து வெளிறிப் போயிருக்கின்றன. இரும்புச்சத்து குறைந்தால் அப்படித்தான் இருக்கும். போனில் வரும் புற்றுநோய் வீடியோக்களை இன்றோடு விட்டுவிடுங்கள்.

என்னைப் பயப்பட வைத்தது, கடிதத்தின் அடியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரி. மூன்று வாரமாக மலம் கறுப்பாக, பிசுபிசுவென்று போகிறது, அப்ரிகொட் சாப்பிட்டதாலா என்று கேட்கிறீர்கள். இல்லை. இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுக்கும். நீங்கள் அதை இன்னும் தொடங்கவே இல்லை. தார் மாதிரிக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, என்றுமில்லாத நாற்றத்தோடு போனால், இரைப்பையிலோ அதை ஒட்டிய குடலிலோ இரத்தம் கசிகிறது என்றுதான் எந்த டாக்டரும் எடுத்துக்கொள்வார். அதோடு, முழங்கால் வலிக்கு எட்டு மாதமாக டைக்ளோபெனாக்கைப் பார்மசியில் கேட்டு வாங்கி, விடியற்காலையில் பிளேன்டீயோடு வெறும் வயிற்றில் போட்டு வருகிறீர்கள். இரைப்பை புண்ணாக இதற்கு மேல் என்ன வேண்டும்? யாரைக் கேட்டு எட்டு மாதம் போட்டீர்கள்? இன்றே நிறுத்துங்கள். வலிக்கு இப்போதைக்குப் பாரசிட்டமோல் போதும்.

சத்துக் கணக்கைக் கேட்டீர்கள், சொல்கிறேன். 100 கிராம் காய்ந்த அப்ரிகொட்டில் இரும்பு சுமார் 2.7 மில்லிகிராம். டின் தக்காளியில் 1 மில்லிகிராம் அளவுதான். அதிலும் பெரும்பகுதி உடம்பில் சேராமலே போய்விடும். மலம் தார்போல் கறுக்க வேண்டுமானால், ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் இரத்தமாவது குடலுக்குள் கசிய வேண்டும். உங்களுக்கு இருக்கிற வெளிறிய இரத்தத்திலும்கூட அதோடு பத்து மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போய்விடுகிறது. அடியில் ஓட்டையான குடத்துக்கு எந்தப் பீலியில் தண்ணீர் பிடிப்பது என்று கேட்கிறீர்கள், அம்மா.

மாதவிடாய் நின்று ஆறு வருடமான பெண்ணுக்கு இரும்பு குறைந்தால், கீரை தின்னச் சொல்லி அனுப்பிவிட முடியாது. நாளைக் காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரைப்பைக்குள் கமரா விட்டுப் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் பெருங்குடலையும் பார்த்தாக வேண்டும். அந்தச் சோதனைக்குப் பயந்து நாள் கடத்தாதீர்கள். புண்ணாக இருந்தால் பெரும்பாலும் மருந்திலேயே ஆறும். இன்றிரவே தலை சுற்றி விழப் பார்த்தால், நெஞ்சு வலித்தால், இரத்தமாகவோ கோப்பித்தூள் மாதிரியோ வாந்தி வந்தால், விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990-க்கு அழையுங்கள், அம்பியூலன்ஸ் வரும்.

மற்றவை சின்ன விஷயங்கள். டின் தக்காளி விஷமில்லை. டின் உப்பியிருந்தால் மட்டும் தூக்கி எறியுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு உடம்பில் சேர உதவும், டின் மீன் கறியில் போட்டுச் சமையுங்கள், நல்லது. அப்ரிகொட்டில் பாதிக்கு மேல் சீனி. நாளைக்கு நாலைந்து போதும், மீதியைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சோற்றோடு சேர்த்துப் பிளேன்டீ குடிக்கிற பழக்கத்தை மாற்றுங்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும். தேயிலைச் சாயம் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இரத்த ரிப்போர்ட்டோடு அந்த டைக்ளோபெனாக் அட்டையையும் கொண்டுபோங்கள். மலத்தின் நிறத்தைச் சொல்ல வெட்கப்படாதீர்கள், அம்மா. டாக்டர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள்.