வயதானவர்களின் தசை வலிமைக்கும் இதயம், சர்க்கரைக்கும் என்ன தொடர்பு?

தசை வலிமை என்பது புஜத்தின் பருமன் அல்ல; தசையால் எவ்வளவு விசை கொடுக்க முடிகிறது என்பதுதான். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலை வேளையில் பாருங்கள். மணலில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் பேரனின் தோளைப் பற்றுகிறார். முழங்கால் வலி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் தொடைத் தசை தளர்ந்திருப்பதும் காரணம்.

சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிச் சேமிப்பது தசைதான். வீராணம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். தூர் வாரிய ஏரி வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். மண்மேடிட்ட ஏரியில் அதே மழைக்கே தண்ணீர் கரை தாண்டி வயலுக்குள் புகும். தசை குறைந்த உடலில், முன்பு சாப்பிட்ட அதே நான்கு இட்லியின் சர்க்கரை இரத்தத்தில் தேங்குகிறது. ஆண்டுக்கணக்கில் தேங்கினால் இரத்தக் குழாய்களும் இதயமும் கெடும்.

இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், கைப்பிடி வலிமை, அதாவது கையால் இறுக்கிப் பிடிக்கும் விசை, மற்றவர்களைவிட 5 கிலோ குறைவாக இருந்தவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிடி தளர்வதே நோயைத் தருகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. உடலின் நிலையை அது முன்கூட்டியே காட்டுகிறது.

வாரம் இரண்டு நாளாவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். மூச்சை அடக்காதீர்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

"தினமும் நடக்கிறேன், அது போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள்: நடை இதயத்துக்கு மிக நல்லது, விடாதீர்கள், ஆனால் நடை மட்டும் தசை வலிமையைப் பெரிதாகக் கூட்டுவதில்லை.