பாட்டு, ஓவிய பீரியடையெல்லாம் கணக்குப் பாடம் நடத்த எடுத்துக்கொள்கிறார்கள். பெற்றோர் என்ன செய்யலாம்?

"இசை கற்றால் மூளை வளரும், கணக்கு நன்றாக வரும்" என்று மட்டும் போய்ப் பேசிவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். குடியாத்தம் பக்கத்தில் என் மகள் படிக்கும் அரசுப் பள்ளி. மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கணக்கு வரணும்னா கணக்கையே நடத்திட்டுப் போறேனேம்மா, எதுக்குச் சுத்தி வரணும்?" என்றார். கூட்டமே சிரித்தது, நானும்தான். பாட்டைக் கணக்குக்கு எடுபிடியாகக் கொண்டுபோய் நிறுத்தினால் அவ்வளவுதான் மரியாதை.

அடுத்த மாதம் வேறு மாதிரி போனேன். கால அட்டவணைப்படி நாலு வாரத்தில் ஓவியம் எட்டு பீரியடு. நடந்தது ரெண்டு. மகளின் நோட்டுப் பின்னட்டையில் தேதியோடு குறித்து வைத்திருந்ததைப் படித்துக் காட்டி, தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொன்னேன். வாயால் சொன்னால் "பார்க்கலாம்மா" என்று போய்விடும். பதிவேட்டில் ஏறிவிட்டால் அடுத்த கூட்டத்தில் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. பாடத்திட்டம் பிள்ளையின் முழு வளர்ச்சிக்கானதாக இருக்க வேண்டும் என்பது 29-ஆம் பிரிவு. 2005 தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்புக்காகக் கூடிய கலைக் கல்விக் குழு, பத்தாம் வகுப்பு வரை கலையை ஒரு பாடமாகவே வைக்கச் சொன்னது. மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். சண்டை போட இல்லை, பேசும்போது குரல் நடுங்காமல் இருக்க.

ஓவிய ஆசிரியர் மேல் பாயாதீர்கள். 2012-ல் தமிழகத்தில் ஓவியம், உடற்கல்வி, தையல் என்று 16,549 பேரைப் பகுதிநேரத்துக்கு எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். சம்பளம் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்த வருடங்கள் எத்தனையோ. அந்த நிலையில் இருப்பவர் கணக்கு வாத்தியாரிடம் போய் "என் பீரியடைக் கொடுங்க சார்" என்று எப்படிக் கேட்பார்? நாம்தான் கேட்க வேண்டும்.

பாட்டுக்கு எங்கள் பள்ளியில் ஆளே இல்லை. ஆனால் ஆர்மோனியம் இருந்தது! பீரோவில், பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில், துருத்தித் துணியைக் கரப்பான் அரித்தபடி. பக்கத்து ஊர் கூத்து ஜமாவில் பெட்டி வாசிக்கும் அண்ணனைக் கூட்டி வந்தோம். திறந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பொட்டிய இப்டி சாவடிச்சி வெச்சிகினு கீறீங்க" என்று வருத்தப்பட்டார். அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு சரிசெய்தார். ரெண்டு ரீடு மட்டும் இன்னும் இழுக்கிறது. எட்டாம் வகுப்புப் பெண்களைப் பாடச் சொல்லிக் கேட்டவர், "எங்களுக்கும் அஞ்சு கட்டைதான், இதுங்களுக்கும் அஞ்சு கட்டைதான், ஒத்துப்போவும்" என்று சுருதியைச் சொன்னார். இப்போது வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு வருகிறார். போக்குவரத்துச் செலவை நாங்கள் நாலு பேர் பகிர்ந்து கொடுக்கிறோம்.

இதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வட ஆற்காட்டுப் பக்கம் பாரதம் வைக்கும் ஊர்கள் எத்தனை! திரௌபதி அம்மன் கோயிலில் பகலெல்லாம் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து, முடிவில் துரியோதனன் சாகும் படுகளம், தீமிதி. பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த புரிசை ஊரின் கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் எங்கள் பள்ளியில், துரியோதனன் வேஷம் கட்டுகிறவரின் மகன் விண்ணப்பத்தில் அப்பா தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று எழுதியிருந்தான். திங்கட்கிழமை வகுப்பில் தூங்கினான் என்று அடி வாங்கியவனும் அவன்தான். ஞாயிறு ராத்திரி முழுக்க அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தாளம் போட்டிருக்கிறான். பிள்ளைக்கு வீட்டில் இருக்கும் வித்தையைப் பள்ளிக்கூடம் ஒளிக்க வைத்தால், அதைவிட மோசமான பாடம் எது?

கலைத் திருவிழா இருக்கிறதே என்பார்கள். 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கிறது, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி. நல்ல விஷயம்தான், என் மகளும் வட்டாரம் வரை போனாள். ஆனால் வருடம் முழுக்க வகுப்பு நடக்காத பள்ளியில், போட்டிக்குப் பத்து நாள் முன்னால் ஏற்கெனவே ஆடத் தெரிந்த நாலு பேரைப் பொறுக்கி எடுப்பதோடு அது முடிந்துவிடுகிறது. மற்ற முப்பது பேர் கை தட்டுகிறார்கள்.

செலவில்லாமல் ஒன்று சொல்கிறேன்: வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைத் தூண்கள் முன்னால் ஒரு மணி நேரம் உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். என் மகள் ஒரு குளம்பையே அஞ்சு தடவை அழித்தாள்.

எங்களுக்கு இதுவரை வாரம் ஒரு பாட்டு பீரியடும் ஒரு ஓவிய பீரியடும் நிலைத்திருக்கின்றன. பத்தாம் வகுப்புக்கு மட்டும் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ரெண்டும் போய்விடுகிறது. அதில் நான் ரெண்டு தடவை கேட்டு ரெண்டு தடவையும் தோற்றிருக்கிறேன். மகள் வருகிற ஜூனில் பத்தாம் வகுப்பு.