கட்டில் பக்கத்துல உக்காந்து என்ன படிக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கணவரையோ மனைவியையோ நோயில வெச்சுப் பாத்துக்கறவங்ககிட்ட இருந்து "படிக்க ஏதாவது புத்தகம் சொல்லுங்க"ன்னு நிறைய கடிதம் வந்திருக்கு. அதுல மூணு பேருக்கு இந்த வாரம் கொஞ்சம் விரிவாவே பதில் சொல்றேன்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் வரல, பேச்சும் குழறுது. குளிப்பாட்டுறது, டயப்பர் மாத்துறது, எக்சர்சைஸ் பண்ணி விடறது எல்லாம் நான்தான். முன்னாடி லைப்ரரில இருந்து நாவலா எடுத்துட்டு வந்து படிச்சுத் தள்ளுவேன், இப்ப ஒரு பக்கத்தையே நாலு தடவ படிக்கிறேன், மண்டைல ஏறவே மாட்டேங்குது. பாக்க வர்றவங்க தன்னம்பிக்கை புக்கா கொண்டாந்து குடுக்கறாங்க. நாத்தனார் வந்தப்ப என் கையில புக்கப் பாத்துட்டு "உனக்குப் படிக்கக்கூட நேரம் இருக்கா"ன்னு கேட்டுட்டாங்க, அன்னைல இருந்து மூடி வெச்சிட்டேன். இந்த நேரத்துல படிக்கறது தப்பா அக்கா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தப்பே இல்லம்மா. மொதல்ல அந்த மூடி வெச்ச புக்கத் திரும்ப எடுங்க. உங்க நாத்தனார் ஒரு மணி நேரம் உக்காந்து காபி குடிச்சிட்டுப் போயிருப்பாங்க, ராத்திரி அவர ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, முதுகுல புண்ணு வந்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாக்கறது நீங்க. அந்த வேலைக்கு நடுவுல கிடைக்கிற பத்து நிமிஷம் உங்களோடது, அதுக்கு யார்கிட்டயும் கணக்கு சொல்ல வேண்டியதில்ல.

மண்டைல ஏறலன்னு சொல்றீங்கல்ல, அது உங்க புத்தி மழுங்கிப் போனதால இல்ல. உங்க காதுல பாதி எப்பவும் அந்தக் கட்டில் மேலயே இருக்கு, அவரு இருமினா, புரண்டா, கைய அசச்சா உடனே எந்திரிக்கணும், அப்படி இருக்கறப்ப அம்பது கதாபாத்திரத்த ஞாபகம் வெச்சுக்கற மாதிரி ஒரு புது நாவல எடுத்தா எப்படி ஓடும்? இப்ப உங்களுக்குத் தேவை எந்த நிமிஷமும் கீழ வெக்கக்கூடிய, மறுபடி எங்க பிரிச்சாலும் புரியக்கூடிய புத்தகம். நல்ல இலக்கியமா, விருது வாங்கினதா, இதெல்லாம் அப்புறம்.

அப்படிப் பாத்தா நான் மொதல்ல சொல்றது தேவனோட 'துப்பறியும் சாம்பு'. பேங்க் கிளார்க்கா இருந்து வேலை போன ஒரு அப்பாவி மனுஷன், எதையோ உளறுவான், எங்கயோ தடுக்கி விழுவான், அதுவே கேசக் கண்டுபிடிச்சதா முடிஞ்சிரும், இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்து போயி நிப்பாரு. ஒரு கதை ஒரு காபி ஆறறதுக்குள்ள முடிஞ்சிரும். அடுத்தது பாக்கியம் ராமசாமியோட அப்புசாமி - சீதாப்பாட்டி கதைகள், குமுதத்துல வந்தது. வயசான புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஓயாம மல்லுக்கட்டுவாங்க, பாட்டி இங்கிலீஷ்ல விளாசுவாங்க, தாத்தா பழிவாங்கறேன்னு கிளம்பி மூக்கு உடஞ்சு வருவாரு. உங்க வீட்டுல இப்ப சண்டை போடக்கூட அவரால முடியல, அதனால அதப் படிக்கறப்ப சில எடத்துல சிரிப்போட கண்ணுல தண்ணியும் வரலாம், வந்தா வரட்டும். படுத்திருக்கறவரு பக்கத்துல சிரிக்கலாமான்னு ஒரு குறுகுறுப்பு வரும், சத்தமாவே சிரிங்க, அவருக்குப் பேச்சுதான் குழறுது, உங்க சிரிப்பு காதுல விழத்தான செய்யும். ஸ்ட்ரோக்ல பேச்சு போனவங்கள்ல நிறைய பேருக்குக் கேக்கறதும் புரியறதும் அப்படியே இருக்கும், இவருக்கு எந்த அளவுக்குப் புரியுதுன்னு பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்ககிட்ட கேட்டுக்கோங்க, நல்லாப் புரியுதுன்னா சாம்புவ அவருக்கே வாய்விட்டுப் படிச்சுக் காட்டலாம்.

கொஞ்சம் கனமா ஏதாவது வேணும்னா உ.வே.சா. எழுதின 'என் சரித்திரம்'. தடியா இருக்குன்னு பயந்துராதீங்க, 1940-ல ஆனந்த விகடன்ல தொடரா வர ஆரம்பிச்சது, அதனால சின்னச் சின்ன அத்தியாயம், மொத்தம் 122. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். சங்கீதமா தமிழான்னு வீட்டுல நடந்த இழுபறி, படிக்கறதுக்காக ஊர் ஊரா குடும்பமே அலஞ்சது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட போயி சேந்தது எல்லாம் உக்காந்து பேசற மாதிரி சொல்லுவாரு. ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன், 1876-ல பிள்ளையவர்கள் நோயில கிடந்து இறந்து போற பகுதி உருக்கமா இருக்கும், அந்த அத்தியாயம் வந்தா தாண்டிப் போயிருங்க. புத்தகத்துல தாண்டிப் போனா யாரும் கேக்க மாட்டாங்க.

'பொன்னியின் செல்வன்' ஏற்கனவே படிச்சிருப்பீங்க. படிச்சதையே திரும்பப் படிக்கறது இந்த நேரத்துக்கு ரொம்ப நல்லது, அடுத்து என்ன வரும்னு தெரியும், திடுக்னு எதுவும் வராது, ஆடிப்பெருக்கு அன்னைக்கு வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில குதிரைல வர்றான்னு ஆரம்பிச்ச உடனே மனசு வேற ஊருக்குப் போயிடும். ஆனா உங்களுக்குன்னு ஒரு வார்த்தை. அதுல சுந்தர சோழர் கால் விளங்காம கட்டில்லயே இருப்பாரு, வானமாதேவி விட்டு நகராம கூடவே இருப்பாங்க. சின்ன வயசுல படிச்சப்ப நாமெல்லாம் அந்தப் பக்கத்தப் புரட்டிட்டு வந்தியத்தேவனத் தேடி ஓடினவங்க, இப்ப படிச்சா அந்த அம்மாதான் கண்ணுக்குத் தெரிவாங்க. அது உங்களுக்குத் துணையா இருக்குமா, இல்ல நெஞ்ச அடைக்குமான்னு உங்களுக்குத்தான் தெரியும்.

வெளிய போகவே முடியலன்னு கடிதத்துல இன்னொரு எடத்துல எழுதியிருந்தீங்க. தி. ஜானகிராமனும் சிட்டியும் சேந்து எழுதின 'நடந்தாய் வாழி காவேரி' கிடைக்குதான்னு பாருங்க, தலைக்காவேரியில இருந்து பூம்புகார் வரைக்கும் ஆத்தோடயே போவாங்க, திருச்சிக்காரங்களுக்கு அதுல ஒரு தனி சொந்தம் இருக்கு. பிரிச்ச எடத்துல இருந்து படிக்கலாம்.

தன்னம்பிக்கை புக் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு மேல ஏத்திருங்க. "எல்லாம் நன்மைக்கே"ன்னு சொல்ற புத்தகம் உங்க நிலைமைல ஆறுதல் தராது, நாம போதுமான அளவு தைரியமா இல்லையோன்னு ஒரு குற்ற உணர்ச்சியத்தான் தரும். எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் அது ராத்திரி ரெண்டு மணிக்கு உதவினதில்ல.

கேள்வி: மேடம், என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், 21 நாளுக்கு ஒரு தடவ கீமோ போயிட்டு இருக்கு. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசர். காலைல அட்மிஷன் போட்டா சாயங்காலம் வரைக்கும் வெளிய சேர்லதான் உக்காந்திருக்கேன். ஸ்கூலுக்கு அப்புறம் புக்குன்னு ஒண்ணு தொட்டதில்ல. போன எடுத்தா அந்த நோயப் பத்தியே தேடிட்டு இருக்கேன், பாக்கப் பாக்க பயம்தான் கூடுது. என்ன மாதிரி ஆளுக்கு ஏதாவது இருக்கா?
– ஒரு கணவர், திருப்பூர்

பதில்: இருக்கு தம்பி, நிறையவே இருக்கு. நீங்க கேட்டதே எனக்கு சந்தோஷமா இருக்கு, ஏன்னா இந்தப் பக்கத்துக்கு ஆம்பளைங்க எழுதறது ரொம்பக் குறைவு, அவங்க வராண்டால சும்மா சுவரப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க.

மொதல்ல அந்தத் தேடல். போன்ல தேடினா எல்லா ஸ்டேஜும், எல்லா வகையும், யாருக்கோ எந்த நாட்டுலயோ நடந்ததும் கலந்து வந்து விழும், உங்க மனைவிக்கு எந்த வகை, எந்த மருந்துன்னு அதுக்குத் தெரியாது. ஒரு குயர் நோட்டு வாங்கி சந்தேகம் வர்றப்ப எல்லாம் அதுல எழுதுங்க, டாக்டரப் பாக்கறப்ப அதப் பிரிச்சு வெச்சுக் கேளுங்க. கை போன் பக்கம் போனா, வேற எதையாவது பிடிக்கறதுக்குத்தான் இப்ப புத்தகம்.

ஸ்கூலோட விட்டவருக்கு நான் காமிக்ஸ்தான் சொல்லுவேன், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. சிவகாசில இருந்து வர்ற முத்து காமிக்ஸ், 1972-ல இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்சது, கரண்ட் ஷாக் வாங்கினா உடம்பு மறஞ்சு இரும்புக் கை மட்டும் தெரியும். அப்புறம் 1984-ல லயன் காமிக்ஸ் வந்துச்சு. சின்ன வயசுல வாடகைக்கு எடுத்துப் படிச்சிருந்தீங்கன்னா பாக்கறப்பவே ஞாபகம் வந்துடும். படம் கண்ண இழுத்துட்டுப் போயிடும், கவனம் சிதறினாலும் கதை கைவிடாது. அதுக்கு அடுத்த படி பஸ் ஸ்டாண்டுல தொங்குற பாக்கெட் நாவல், ராஜேஷ்குமாரோட க்ரைம் ஏதாவது ஒண்ணு. அது சட்டைப் பையில மடிச்சு வெக்கற சைஸ், நர்ஸ் பேரக் கூப்பிட்டா அப்படியே சொருகிட்டு எந்திரிச்சுப் போயிடலாம். ஆஸ்பத்திரில இந்த வசதி சின்ன விஷயமில்ல, பெரிய புக்க கக்கத்துல இடுக்கிக்கிட்டு, ஃபைலு, தண்ணி பாட்டில், பில் எல்லாம் ஒரு கையில பிடிச்சுக்கிட்டு பார்மசி க்யூவுல நிக்க முடியாது.

படிக்கற பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கிச்சுன்னா 'பட்டாம்பூச்சி' எடுங்க, ரா.கி. ரங்கராஜன் தமிழ்ல கொண்டாந்தது, குமுதத்துல தொடரா வந்தப்ப ஜனங்க அடிச்சுப் பிடிச்சுப் படிச்சாங்க. பிரெஞ்சு கயானா தீவு ஜெயில்ல மாட்டின ஒரு மனுஷன் திரும்பத் திரும்பத் தப்பிச்சு ஓடறான், பிடிபடறான், மறுபடி ஓடறான். ட்ரிப் ஏறி முடியற வரைக்கும் தலை நிமிராமப் படிக்கலாம்.

என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் போயிட்டிருந்த காலத்துல, ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் வெளிய காத்திருக்கணும், பக்கத்து சேர்ல ஒரு மில் தொழிலாளி வருவாரு, அவரு சம்சாரமும் உள்ள மெஷின்ல இருக்கும். அவரு டிபன் பைக்குள்ள எப்பவும் அட்டை போன ஒரு பழைய க்ரைம் நாவல் இருக்கும், உள்ளங்கையால பக்கத்த நீவி நீவி உதட்டுக்குள்ளயே வாசிப்பாரு, முடிச்சதும் எங்கிட்ட குடுத்துட்டு என் கையில இருக்கறத வாங்கிக்குவாரு. நோயப் பத்தி நாங்க பேசினதே கம்மி, கொலைகாரன் யாருன்னுதான் பேசிக்குவோம்.

பழைய புத்தகக் கடைல வாங்கினீங்கன்னா ஒரு விஷயம் மட்டும் கவனமா இருங்க. கீமோ நடக்கறப்ப ரத்தத்துல வெள்ளை அணு இறங்கும், தூசும் பூஞ்சையும் அவங்களுக்கு ஆகாது. மக்கின வாசனை வர்ற புக்க அவங்க ரூமுக்குள்ள கொண்டு போக வேண்டாம், அவங்களுக்குன்னா புதுசா வாங்குங்க, இல்ல போன்லயே படிக்கட்டும். கல்கியோட எழுத்தெல்லாம் நாட்டுடைமை ஆகிருச்சு, மதுரைத் திட்டம் தளத்துல காசில்லாம எடுத்துக்கலாம். கண்ணு வலிக்குதுன்னா ஆடியோவா நிறைய வந்திருக்கு, ஆளுக்கு ஒரு இயர்போன்னு ரெண்டு பேரும் ஒரே கதையக் கேக்கலாம்.

கேள்வி: அன்புள்ள சகோதரிக்கு, என் கணவர் தமிழாசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போ மறதி நோய். "இன்னைக்கு ஸ்கூல் உண்டா"ன்னு நாளெல்லாம் கேக்கறார். அவருக்கு நான் ஏதாவது படிச்சுக் காட்டலாமா, பிரயோஜனம் இருக்குமா? பையன் வெளிநாட்டுல இருந்து ஒரு இங்கிலீஷ் புக் அனுப்பினான், ஒரு எழுத்தாளரோட மறதி நோயப் பத்தி அவங்க கணவர் எழுதினது. பிரிக்கவே பயமா இருக்கு.
– ஓர் இல்லத்தரசி, கோவை

பதில்: அம்மா, கண்டிப்பாப் படிச்சுக் காட்டுங்க. இந்த நோயில பொதுவா நேத்து நடந்தது மொதல்ல போகும், இளமையில படிஞ்சது ரொம்ப நாள் தங்கும். அவரு நாற்பது வருஷம் கிளாஸ்ல சொல்லிக் குடுத்த பாட்டு இருக்குமே, குறள், பாரதியார், மனப்பாடப் பகுதி, அதுல ஆரம்பிங்க. "அகர முதல"ன்னு நீங்க எடுத்துக் குடுத்தா மீதிய அவரே சொல்லக்கூடும். சொன்னா சந்தோஷம், சொல்லலன்னா நீங்களே முடிச்சிருங்க. "இது யாரு எழுதினது, ஞாபகம் இருக்கா"ன்னு மட்டும் பரீட்சை வெக்காதீங்க, வாத்தியாரா வாழ்ந்த மனுஷனுக்கு பதில் தெரியாம முழிக்கறது ரொம்ப வேதனை. பத்து நிமிஷம் போதும், சாயங்காலம் அவரு படபடப்பா ஆகறதுக்கு முன்னாடி, தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி. அதே பாட்டையே நாளைக்கும் படிக்கலாம், அவருக்கு அது அலுக்காது.

அந்த இங்கிலீஷ் புக், நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா ஜான் பெய்லி எழுதின 'ஐரிஸ்'னு நினைக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்ட்ல பேராசிரியரா இருந்தவர், மனைவி ஐரிஸ் மர்டாக் பெரிய நாவலாசிரியை, தத்துவம் படிச்ச மூளை, அவங்களுக்கு அல்சைமர் வந்தது. 1998-ல அந்தம்மா உயிரோட இருக்கறப்பவே புத்தகம் வந்துருச்சு, அடுத்த வருஷம் அவங்க போயிட்டாங்க. அதுல அழுகை கம்மி. ரெண்டு பேரும் ஆத்துல நீந்தினது, அவரு பொறுமை இழந்து கத்தினது, சின்னக் குழந்தைங்க டிவி நிகழ்ச்சி டெலிடபீஸ அந்தம்மாகூட உக்காந்து பாத்தது, எல்லாத்தையும் மறைக்காம எழுதியிருப்பாரு. நமக்கு மட்டும்தான் கோவம் வருதோன்னு உறுத்தறவங்களுக்கு அது நல்ல துணை. ஆனா இப்ப பிரிக்கணும்னு கட்டாயம் இல்லம்மா, அது அலமாரில இருக்கட்டும். என்னைக்காவது தோணுச்சுன்னா பகல்ல, வேற யாராவது வீட்டுல இருக்கறப்ப எடுத்து நாலு பக்கம் பாருங்க, தாங்கலன்னா வெச்சிருங்க.

உங்களுக்குன்னு படிக்க, அ. முத்துலிங்கத்தோட கட்டுரைகள், ஆப்பிரிக்கா, பாகிஸ்தான், கனடான்னு எங்கெல்லாமோ கூட்டிட்டுப் போவாரு, ஒவ்வொண்ணும் நாலஞ்சு பக்கம்தான். கி. ராஜநாராயணன் திரட்டின நாட்டுப்புறக் கதைகளும் நல்லது, அவரு எழுத்துல ஒரு பெரியவர் திண்ணைல உக்காந்து பேசற குரல் கேக்கும், நாளெல்லாம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்த காதுக்கு அந்தக் குரல் இதமா இருக்கும். கடைக்குப் போக முடியலன்னா பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க யாரையாவது உங்க தெரு கிளை நூலகத்துக்கு அனுப்புங்க, மெம்பர் ஆக சின்னத் தொகைதான். பையன் போன்ல "என்னம்மா வேணும்"னு கேக்கறப்ப "ஒண்ணும் வேண்டாம்பா"ன்னு சொல்லாதீங்க, இந்த ரெண்டு பேரையும் சொல்லுங்க, பெரிய எழுத்துல அச்சடிச்சதா இருந்தா இன்னும் நல்லதுன்னும் சேத்துச் சொல்லிருங்க.