டபிள்யூ-9 படிவத்தின் முதல் வரியைப் பாருங்கள்

வணக்கம். கொழும்பிலிருந்து அமெரிக்க நிறுவனமொன்றின் கணக்குகளைப் பார்க்கும் நீங்கள், ஒப்பந்தக்காரர் ஒருவரின் வரி இலக்கத்தை அமெரிக்க வரித் திணைக்களமான ஐஆர்எஸ்ஸின் இணையச் சேவையில் சரிபார்த்தபோது 3 என்ற குறியீடு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இலக்கம் போலியானது என்று அதற்குப் பொருளில்லை. பெயரும் இலக்கமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே பொருள். அவர் தனிநபராகத் தொழில் செய்பவராயின், பெயரையும் வரி இலக்கத்தையும் அவர் உங்களுக்கு எழுதித் தரும் டபிள்யூ-9 படிவத்தின் முதல் வரியில் தொழிற்பெயரை எழுதிவிட்டு, தனிநபருக்குரிய தமது சமூகப் பாதுகாப்பு இலக்கத்தைக் கொடுத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். முதல் வரியில் அவருடைய சொந்தப் பெயரும், இரண்டாம் வரியில் தொழிற்பெயருமே வர வேண்டும். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான் இருக்கும். திருத்திய படிவத்தைக் கையொப்பத்துடன் பெற்று மறுபடியும் சரிபாருங்கள். இந்தக் குறியீட்டை மட்டும் வைத்துக் கொடுப்பனவில் 24 சதவீதத்தை வரியாகப் பிடித்துவைக்கத் தொடங்க வேண்டாம். அவர் இலக்கமே தராவிட்டாலோ, ஐஆர்எஸ் அறிவித்தல் வந்த பின்னும் திருத்தித் தராவிட்டாலோ அந்தக் கடமை எழும்.