பழைய படங்களைச் சீர்செய்ய எந்த பிளெண்டிங் மோட்?

கேள்வி: போட்டோஷொப்பில் லேயர்களுக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தளங்களுக்கு) இத்தனை பிளெண்டிங் மோட்கள், அதாவது மேல் லேயர் கீழுள்ளதோடு கலக்கும் முறைகள், இருக்கின்றன. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கண்ணுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்கிறேன். இதற்கு ஒழுங்கான வழி உண்டா?

உண்டு. ஒவ்வொரு மோடிலும் மேல் லேயரின் எந்த நிறம் மறைந்துபோகிறது என்று பாருங்கள். மல்டிப்ளையில் வெள்ளை மறையும். ஸ்க்ரீனில் கறுப்பு மறையும். ஓவர்லே, சொஃப்ட் லைட் இரண்டிலும் நடுச் சாம்பல் மறையும். பட்டியலில் 27 பெயர்கள் இருந்தாலும் அன்றாட வேலையில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

நான் மட்டக்களப்பில் ஸ்டூடியோ தொழில் செய்பவன். எங்களிடம் பழைய படங்கள் நிறைய வருகின்றன: 2004 சுனாமியில் நனைந்த அல்பங்கள், இடம்பெயர்ந்தபோது மடித்து எடுத்துச் சென்ற ஒற்றைப் படங்கள். ஒரு வீட்டில் தகப்பனின் படமென்று மிஞ்சியிருப்பது அந்த ஒன்று மட்டும்தான் என்னும்போது, குத்துமதிப்பாக மோட் மாற்றிப் பார்க்க எனக்கு மனம் வராது.

வெளிறிய படத்தை ஸ்கேன் செய்து, அந்த லேயரை நகலெடுத்து மேலே வைத்து மல்டிப்ளை கொடுங்கள். இரு லேயர்களின் ஒளி மதிப்புகளையும் (0 கறுப்பு, 255 வெள்ளை) பெருக்கி 255ஆல் வகுப்பதே அதன் வேலை. 200ஆக இருந்த வெளிர் சாம்பல் 157க்கு இறங்கும். 128 என்பது 64 ஆகும். மங்கியிருந்த மூக்கும் தாடையும் திரும்பி வரும். ஆனால் 40இல் இருந்த கூந்தல் 6க்குப் போய் ஒரே கருந்திட்டாகிவிடும். ஆகவே மேல் லேயருக்கு மாஸ்க் (கறுப்புப் பூசிய இடத்தில் லேயரை மறைக்கும் திரை) போட்டு, மென்மையான கறுப்புத் தூரிகையால் அந்தப் பகுதியை விடுவித்துவிடுங்கள். தண்ணீர் பட்டு முற்றாக வெளுத்த இடத்தை மல்டிப்ளை மீட்காது. 255 எத்தனை முறை பெருக்கினாலும் 255தான். அங்கே படத்தின் ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப்தான் கைகொடுக்கும்.

ஸ்க்ரீன் இதற்கு நேரெதிர். கறுப்புப் பின்னணியில் எடுத்த வாணவேடிக்கையை இன்னொரு இரவுப் படத்தின் மேல் வைக்க நல்லது. கல்லடிப் பாலத்தில் முக்காலி வைத்து எடுத்த வாகன ஒளிக்கோடுகள் போலப் பல படங்களை அடுக்கும்போது மட்டும் லைட்டனை எடுங்கள். ஸ்க்ரீன் வானத்தையும் சேர்த்து வெளுப்பாக்கும். லைட்டன் அந்தந்த இடத்தில் எது பிரகாசமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

முகத்துக்கு நான் நம்புவது 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய ஒரு லேயரும் சொஃப்ட் லைட்டும். அதில் வெள்ளைத் தூரிகையால் தொட்டால் ஒளி கூடும், கறுப்பால் தொட்டால் நிழல் கூடும்; தூரிகையின் வலிமை பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். திருமண அல்பங்களில் மணமகளின் முகம் முழுவதையும் ஸ்க்ரீனால் வெளுப்பாக்கும் வழக்கம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அவளுடைய நிறம் அவளுடையது. கண்ணின் கீழே விழுந்த நிழலைத் தணித்தால் போதும்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் ஏற்ற, தனி லேயரில் கலர் மோட். கீழிருக்கும் ஒளியும் நிழலும் அப்படியே இருக்க, நிறம் மட்டும் ஏறும். சுத்த வெள்ளையிலும் சுத்தக் கறுப்பிலும் நிறம் பிடிக்காது. முதலில் அவற்றைச் சற்றுச் சாம்பலாக்குங்கள். சேலையின் நிறத்தை வீட்டாரிடம் கேட்டே போடுங்கள். மகளுக்கோ தங்கைக்கோ அது நினைவிருக்கும்.

கேர்வ்ஸால் (ஒளி-நிழலைச் சரிசெய்யும் கருவி) கொன்ட்ராஸ்ட் கூட்டும்போது தோல் செக்கச்செவேலென்று மாறினால், அந்த லேயரை லுமினோசிட்டி மோடுக்கு மாற்றுங்கள்; நிறத்தை விட்டு ஒளியை மட்டும் அது மாற்றும். கிம்ப் என்னும் இலவசப் படத்திருத்த மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: 2.10 பதிப்பிலிருந்து அதில் பழைய, புதிய என இரண்டு மோட் தொகுதிகள் இருக்கின்றன; ஒரே பெயருக்கும் பலன் சற்று வேறுபடலாம்.

ஸ்கேனரில் அடங்காத பெரிய படத்தை இரண்டு துண்டாக ஸ்கேன் செய்தீர்களா? மேல் துண்டுக்கு டிஃபரன்ஸ் (இரு லேயர்களின் வித்தியாசத்தைக் காட்டும் மோட்) கொடுத்து அம்புக்குறி விசைகளால் நகர்த்துங்கள். இரண்டிலும் பொதுவாக உள்ள பகுதி ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்போது அது ஏறக்குறைய முழுக் கறுப்பாகும். பிறகு நோர்மலுக்குத் திருப்பி, விளிம்பை மாஸ்க்கால் மென்மையாக்கிவிடலாம்.