ஸ்ப்ளிட் கீபோர்டில் கட்டைவிரலுக்கு நிறைய கீ இருந்தால் நல்லதா?

முதல் ஸ்ப்ளிட் கீபோர்டு (இரண்டு கைக்கும் தனித்தனியாகப் பிரித்த கீபோர்டு) வாங்கப் போவதாகவும், கட்டைவிரல் கீ அதிகம் இருப்பதையே எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையைப் பார்த்து எடுக்காதீர்கள். கை இருந்த இடத்திலேயே இருக்க, உங்கள் கட்டைவிரல் எத்தனை கீயைத் தொடுகிறது என்பதுதான் கணக்கு. எனக்கு ஒரு கைக்கு இரண்டு. மூன்றாவது எட்டும், ஆனால் அடிக்கடி அடிக்க முடியாது.

நான் முதலில் வாங்கியதில் பக்கத்துக்கு ஆறு கீ. ஆறிலும் வேலை கொடுத்தேன். ஒரு கீக்குக் கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் மடக்க வேண்டியிருந்தது, டெலீட்டுக்கு வெளியே நீட்ட வேண்டியிருந்தது. சில வாரங்களில் கட்டைவிரலின் அடி மூட்டில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வலி தொடங்கியது. மற்ற விரல்கள் மடங்கித்தான் கீயை அழுத்துகின்றன. கட்டைவிரலோ பக்கவாட்டில் அசைவதில்தான் கெட்டி; கீழ்நோக்கி அழுத்தும்போது பாரம் பெரும்பாலும் அந்த அடி மூட்டில் இறங்குகிறது. விரல் நீண்டோ மடங்கியோ இருக்கும்போது அழுத்தினால் சிரமம் இன்னும் கூடும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கீபோர்டின் வரைபடத்தை அசல் அளவில் அச்சிடுங்கள். ஸ்கேலால் அளந்து சரிபார்ப்பது முக்கியம்: கீக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச் எம்எக்ஸ் வகை (வழக்கமான உயரம்) என்றால் ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குச் சுமார் 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உயரம் குறைந்த சோக் வகை ஸ்விட்சுக்கு என்றே வடிவமைத்த பலகைகளில் பெரும்பாலும் பக்கவாட்டில் 18, மேல்கீழாக 17 மில்லிமீட்டர். நான்கு விரலையும் நடு வரிசையில் வைத்து, கண்ணை மூடித் தோளைத் தளர்த்துங்கள். கட்டைவிரல் தானாக விழும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அப்புறம், ஆள்காட்டி விரல் நகராமல் கட்டைவிரலை உள்ளேயும் வெளியேயும் வீசிப் பாருங்கள். அந்த வளைவுக்குள் வராத கீ உங்களுக்கு இல்லாத கீ என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டை நடுப்பக்கம் உயர்த்திச் சாய்த்து வைப்பதாக இருந்தால், தாளையும் ஒரு அட்டையில் ஒட்டி அதே சாய்வில் பாருங்கள். சாய்வு மாறினால் எட்டும் இடமும் மாறிவிடும்.

ஃபெரிஸ் ஸ்வீப், கோர்ன் என்று இரண்டு சிறிய ஸ்ப்ளிட் கீபோர்டுகள் உண்டு. ஃபெரிஸ் ஸ்வீப்பில் பக்கத்துக்கு 2, கோர்னில் 3 கட்டைவிரல் கீ. இவ்வளவு குறைவாக வைத்து எப்படி என்று தோன்றும். லேயர்தான், அதாவது ஒரு கீயைப் பிடித்திருக்கும்போது மற்ற கீகளுக்கு வேறு வேலை வருவதுதான், ஈடுகட்டுகிறது: ஒரே கீ, தட்டினால் ஸ்பேஸ், பிடித்தால் எண்கள். கீபோர்டுக்குள் ஓடும் மென்பொருளான க்யூஎம்கே ஃபர்ம்வேரில் தட்டலையும் பிடித்தலையும் பிரிக்கும் நேரம் இயல்பாக 200 மில்லிவினாடி. உங்கள் வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எனக்குத் தாமதமாகப் புரிந்த விஷயம் இதுதான். தட்டிவிட்டு வரும் கீ சற்றுத் தள்ளி இருந்தாலும் கை தாங்கும். பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஷிஃப்ட், லேயர் போன்றவை விரல் இயல்பாக விழும் இடத்தில்தான் இருக்க வேண்டும். நான் லேயரை ஓரத்தில் வைத்துவிட்டு, என்டரை நல்ல இடத்தில் வைத்திருந்தேன். இரண்டையும் இடம் மாற்றி, வெளிக் கீகளைச் சும்மா விட்ட பிறகு வலி படிப்படியாகக் குறைந்தது. உங்களுக்கு ஏற்கெனவே வலியோ மரத்துப்போவதோ இருந்தால் கீபோர்டு தேடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

கீகேப்பின் (கீயின் மேல் மூடி) உயர்ந்த விளிம்பு கட்டைவிரலின் பக்கவாட்டில் குத்தினால், அந்த கேப்பைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். செலவே இல்லை, எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்தது.