செட்டிநாட்டு அழகு, சின்ன வீட்டுக்கு: கேள்விகளும் என் பதில்களும்

பள்ளத்தூரில் எங்கள் பங்குக்கு வந்த வீட்டைச் சரி செய்யப் போய், அதுவே எனக்குத் தொழிலாகிவிட்டது. 18 வருடமாகக் காரைக்குடியைச் சுற்றி உள்ள பழைய வீடுகளையும், வெளியூரில் இருப்பவர்களின் புது ஃபிளாட்டுகளையும் பார்த்து வருகிறேன். வீட்டு அலங்காரம் பற்றிக் கேளுங்கள் என்றேன், கொட்டித் தீர்த்துவிட்டீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

ஆச்சி, வேளச்சேரியில் 950 சதுர அடி ஃபிளாட். ஹாலில் ஆத்தங்குடிக் கல் போட ஆசை. இருக்கிற டைல்ஸ் மேலேயே பதித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

வேண்டாம் தங்கச்சி. ஆத்தங்குடிக் கல் என்பது கையால் செய்யும் சிமெண்ட் டைல், அதுவே முக்கால் அங்குலத்துக்குக் குறையாது, அடியில் கலவை வேறு, இரண்டும் சேர்ந்து தரை ஒன்றரை அங்குலமாவது ஏறிவிடும். அப்புறம் எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டும், கனமும் கூடும். பழையதைப் பெயர்த்துவிட்டுப் போடுங்கள். அதற்கு மனசில்லை என்றால் ஹாலை விட்டுவிட்டு பூஜை மூலைக்கு மட்டும் போடுங்கள், அங்கேதான் கண் நிற்கும்.

வாங்குமுன் ஒரு நடை ஆத்தங்குடிக்கே வந்து பாருங்கள். ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூ வடிவத்தில் வளைத்த தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிய நொடியில் சிவப்பும் மஞ்சளும் ஓரத்தில் லேசாகத் தொட்டுக்கொள்ளும், கை எப்படிப் போனதோ அப்படி. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவை வைத்து மட்டம் பண்ணி, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியில் இருந்து கல் பிரிந்து வரும்போதே பளபளப்போடு வரும். அதனால்தான் ஒரு கல் போல இன்னொரு கல் இருக்காது, அதைக் குறை என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

கணக்கு: 10 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144 கல், 8 அங்குலம் என்றால் 225. பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள், அடுத்த தடவை கலக்கும் சாயம் அதே நிறத்தில் வராது. பதித்த பிறகு ஆசிட் பக்கமே போகக் கூடாது. அது சிமெண்ட் கல், ஆசிட் அதைத் தின்றுவிடும். முதல் சில வாரம் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்படாமல் துடைத்துக்கொண்டே இருங்கள், அப்புறம் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். நடக்க நடக்க மெருகு ஏறும்.

காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் தூண் வாங்கலாம் என்று வருகிறேன். பர்மா தேக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நானே ஏமாந்திருக்கிறேன் தம்பி. முதல் வருடம், கடை எது என்று சொல்ல மாட்டேன், பளபளவென்று இருந்த ஒரு ஜோடித் தூணை பர்மா தேக்கு என்று நம்பி வாங்கி வீட்டில் நிறுத்தினேன். எட்டே மாதத்தில் அடியில் மாவு கொட்டியது. தச்சர் வந்து சுரண்டிப் பார்த்துவிட்டு, தூங்குமூஞ்சி மரத்துக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள் ஆச்சி என்று சிரித்தார். அன்றிலிருந்து மேற்புறத்தைப் பார்ப்பதே இல்லை. தூணைச் சாய்த்து அடி வெட்டைப் பாருங்கள், அங்கே பாலிஷ் போட்டிருக்க மாட்டார்கள். நகத்தால் சுரண்டினால் எண்ணெய்ப் பிசுக்கும் தேக்குக்கே உரிய வாசனையும் வர வேண்டும். பழைய துளை, ஆணித் தடம் எல்லாம் இருந்தால் நல்லதே, ஒன்றுமே இல்லாமல் வழவழவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் 9 அடி உயர ஹாலுக்குத் தூண் எதற்கு? நம் வளவுத் தூண்கள், அதாவது முற்றத்தைச் சுற்றி நிற்பவை, உயரமான கூரைக்குச் செய்தவை. வெட்டிக் குட்டையாக்கி மூலையில் நிறுத்தினால் பாவமாக இருக்கும். இதையும் சொல்லிவிடுகிறேன்: எங்கோ ஒரு வீட்டை இடித்திருந்தால்தான் அந்தத் தூண் கடைக்கு வந்திருக்கும். அதே காசுக்குக் கம்பி வைத்த பழைய ஜன்னல் ஒன்று வாங்கி, பின்னால் கண்ணாடி பொருத்தி நுழைவாசலில் மாட்டுங்கள்.

தூண், ஊஞ்சல், பித்தளை அண்டா, எனாமல் தூக்குகள், தஞ்சாவூர்ப் படம் எல்லாம் வைத்தாயிற்று. போட்டோ அனுப்பியிருக்கிறேன். ஏனோ கடை மாதிரி இருக்கிறது. ஏன்?

ஏனென்றால் கடையில்தான் எல்லாவற்றையும் வெளியே வைப்பார்கள். கோபம் வேண்டாம்.

எங்கள் ஐயா வீட்டு வளவை நடுப்பகலில் பார்த்திருந்தால் தெரியும். நடுவில் முற்றம், அதில் செங்குத்தாக ஒரு சதுர வெயில், சுற்றித் தூண்கள், பட்டாலை என்கிற மேடான கூடத்தில் ஒரு பாய், அவ்வளவுதான். சாமான் இல்லாமல் இல்லை. சுவீடன், ஜப்பான் எனாமல், பர்மா அரக்குச் சாமான், அடுக்கடுக்காகப் பித்தளை என்று அறை அறையாகப் பூட்டி வைத்திருந்தார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று வந்தால் வெளியே வரும், முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணி உள்ளே போய்விடும். என் அப்பத்தா கரண்டியைக் கூட நோட்டுப் போட்டு எண்ணுவார். அந்த வீடுகளின் கம்பீரம் பாதி வெற்றிடத்தில் இருக்கிறது, மீதி வெளிச்சத்தில்.

உங்கள் ஹாலில் ஊஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். அண்டா பால்கனிக் கதவுப் பக்கம் போகட்டும், வெயில் பட்டால் பித்தளை தானே பேசும். தூக்குகளில் மூன்றை மட்டும் அடுப்படி அலமாரியில் வரிசையாக வையுங்கள், எனாமல் பெயர்ந்ததில் சாப்பாடு வைக்காதீர்கள். மற்றதெல்லாம் உள்ளே போகட்டும். ஆறு மாதம் கழித்து மாற்றி எடுத்தால் வீடு புதிதாகத் தெரியும், செலவும் இல்லை. கூரையில் இருக்கும் அந்த நீல வெள்ளை லைட்டுகளை முதலில் கழற்றுங்கள். மஞ்சள் சாயல் உள்ள 2700 கெல்வின் பல்பு இரண்டு போதும்.

தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீடு. சுவர் சில இடத்தில் உதிர்கிறது. முழுவதும் சிமெண்ட் பூசி, புட்டி வைத்து எமல்ஷன் அடித்துவிடலாம் என்கிறார் காண்ட்ராக்டர்.

அவரை இன்றே நிறுத்துங்கள். அது சுண்ணாம்புச் சுவர். பல பூச்சாகப் பூசி, மேல் பூச்சுக்கு நைஸாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. கையை வைத்துப் பாருங்கள், சித்திரை வெயிலிலும் குளுமையாக இருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்டும் எமல்ஷனும் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, இரண்டு மழைக்காலத்தில் பாளம் பாளமாக விழும், அப்போது பழைய பூச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உடைந்த ஓடு, இல்லையென்றால் அடைத்த முற்றத்துத் தூம்பு. அதைச் சரி செய்து, உதிர்ந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்புக் கலவை வைத்து ஒட்டுப் போடச் சொல்லுங்கள். ஒட்டு தெரியும்தான், தெரிந்தால் என்ன? மெருகு சுவரை ஈரத் துணியால் துடைத்தாலே போதும். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, நாமோ புட்டி பூசிக்கொண்டிருக்கிறோம்.

வாடகை வீடு, கோயம்புத்தூர். ஆணி அடிக்க வீட்டுக்காரர் விட மாட்டார். பட்ஜெட் 5,000.

தாராளம். பருத்திக் கண்டாங்கி ஒன்று வாங்குங்கள், அரக்கும் மஞ்சளும் கருப்பும் கலந்த பெரிய கட்டம் போட்டது. திவான் மேல் அப்படியே விரியுங்கள், வெட்ட வேண்டாம், அலுத்துப் போனால் உடுத்திக்கொள்ளலாம். ஓலைக் கொட்டான் இரண்டு, ஒன்றில் சாவி, ஒன்றில் பழம். ஈரம் மட்டும் படக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். நல்ல நாளில் பச்சரிசி மாவைக் கரைத்து நடுவீட்டுக் கோலம் போடுங்கள். அதைவிட அழகான கம்பளம் எந்தக் கடையிலும் இல்லை, வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஊஞ்சல் மாட்ட?

ஃபால்ஸ் சீலிங்கில் கூடவே கூடாது. கான்கிரீட் உத்தரத்தில் ஆங்கர் போல்ட், இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகு. முன்னும் பின்னும் மூன்று அடியாவது இடம் விடுங்கள்.

கஜலட்சுமி செதுக்கிய பழைய கதவு கிடைத்திருக்கிறது. மேலே கண்ணாடி போட்டு டைனிங் டேபிள் ஆக்கலாமா?

லட்சுமி மேல் ரசம் ஊற்றவா? நிமிர்த்தி நிறுத்துங்கள் அம்மா. செதுக்கு வேலை பக்கவாட்டு வெளிச்சத்துக்காகச் செய்தது, படுக்க வைத்தால் பாதி அழகு போய்விடும், கண்ணாடிக்கு அடியில் தூசி சேர்ந்தால் எடுக்கவும் முடியாது.

தாத்தா காலத்து ரவிவர்மா அச்சுப் படம், லட்சுமிக்கு ஜரிகையும் சமிக்கியும் தைத்தது. எங்கே மாட்டலாம்?

வெயில் நேராகப் படாத உட்சுவரில். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு இந்தப் படங்கள் வீட்டுக்கு வீடு வந்தன, ஜரிகை தைத்தது யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் கையாக இருக்கலாம். ஃபிரேம் மாற்றும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். பழைய தேக்குச் சட்டத்தை மாற்றாதீர்கள். சமிக்கி உதிர்ந்த இடத்தில் புதிதாக ஒட்டவும் வேண்டாம்.

ஆச்சி, நான்தான் வேளச்சேரி. தேங்காய் எண்ணெய் போட்டால் தரை வழுக்காதா? மாமியாருக்கு மூட்டு வலி.

ஊற்றினால் வழுக்கும், தொட்டுத் துடைத்தால் வழுக்காது. பூஜை மூலைக்கு ஒரு டீஸ்பூன் போதும். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு துடைத்து, காலையில் உலர்ந்த துணியால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். அதன் மேல் முதலில் நீங்கள் நடந்து பாருங்கள், மாமியாரை அப்புறம் கூப்பிடலாம்.